கேரோபியின் மணி

அன்று கிளப்பின் மேல்மாடி அறையில் இருந்தவர்கள்: வில்ஃப் டுலிப், நெட் கத்பெர்ட்சன், ஆர்னி ரெய்ன், ஏவ்ரில், அவளுடைய மூன்று மாதக் கைக்குழந்தை, நான். கேரோபியின் மணியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் அந்த கிளப்பில் பீர் ஊற்றுகிறவன். அதற்கு முன்னால் ரொட்டி ஆலையில் இரவு வேலை. படிப்பை அதற்கும் முன்னாலேயே விட்டாயிற்று. கேரோபி மூழ்கியபோது நான் பிறந்திருக்கவில்லை. அந்தக் கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வருஷா வருஷம் நவம்பரில் இவர்கள் மேல்மாடியில் கூடிப் பேசும்போது கிளாஸ் துடைத்தபடி காதில் வாங்கியது. நூறு முறை கேட்ட கதைகள். ஒரு முறையும் அலுத்ததில்லை. ரொட்டி ஆலையில் யாரும் எதைப் பற்றியும் அப்படிப் பேசவில்லை.

கேரோபி பெரிய கப்பல் இல்லை. சின்ன நாசகாரிப் போர்க்கப்பல். டைன் ஆற்றில் கொஞ்சம் மேலே, எங்கள் ஊர் ஆட்களே கட்டியது. இறக்கிய அன்று பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுமுறை விட்டார்களாம். அதற்குக் கிடைத்த வேலையும் பெருமைக்குரியது இல்லை. லண்டனுக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் அழுக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போவது, திரும்பி வருவது, மறுபடி போவது. "ஆடு மேய்ச்சோம்" என்பார் நெட். கடல் கொஞ்சம் அசைந்தாலும் கப்பல் குடிகாரன் மாதிரி புரளும். கோக்கோவை ஸ்பூன் நிற்கிற அளவு கெட்டியாகக் காய்ச்சுவார்கள், புரண்டாலும் சிந்தக்கூடாது என்று. பீரங்கியாள் ஒருவன் அக்கார்டியன் வாசிப்பான். அவனுக்குத் தெரிந்தது இரண்டே பாட்டு. அந்த இரண்டையும் ஆர்னி இன்னும் தப்பாமல் விசில் அடிப்பார். போருக்குப் பிறகு கப்பல் பட்டறையில் ஆணி அறைந்து அறைந்து காது போய்விட்டது அவருக்கு. விசில் மட்டும் சுருதி தப்பவில்லை.

கேரோபியின் சங்கு தொண்டை கட்டினவன் கூப்பிடுகிற மாதிரி இருக்குமாம். ஆற்றின் இரண்டு கரையிலும் அந்தக் குரல் எல்லோருக்கும் தெரியும். கேட்டதும் பெண்கள் கெட்டிலை அடுப்பில் ஏற்றுவார்கள். வீட்டு ஆள் வரப்போகிறான்.

1942 நவம்பரில், நார்ஃபோக் கரையோரம், விடிகிற நேரத்தில் கண்ணிவெடி மேல் ஏறி இரண்டாக உடைந்தது. மீன்பிடிப் படகு ஒன்று பதினாலு பேரை எண்ணெய் பூசிய வாத்துகளைப் போல அள்ளி எடுத்தது. நெட்டும் ஆர்னியும் அதில் இருந்தார்கள். கடலில் மிதந்த எண்ணெயை விழுங்கிய நெட் இன்றும் கடையில் பொரித்த மீன் சாப்பிட மாட்டார். படகுகள் மீன் இறக்குகிற மீன் துறையிலேயே குடியிருந்துகொண்டு இப்படி ஒரு ஆள்.

கப்பல் போய்விட்டது, மணி மட்டும் இருக்கிறது. அது எப்படி என்று புது ஆட்கள் கேட்பார்கள். கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் வேலை செய்கிறவனின் குழந்தைக்குக் கப்பல் தளத்திலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாம். மணியைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி அதில் தண்ணீர் ஊற்றுவார்கள். பாதிரியார் அதிலிருந்து அள்ளிக் குழந்தையின் தலையில் விடுவார். பிறகு குழந்தையின் பெயரை மணியின் உட்புறத்தில் வெட்டுவார்கள். கேரோபியின் மணிக்குள் ஒரே ஒரு பெயர்தான்: ஏவ்ரில் ஸ்டாபர்ட். அப்பா மேத்யூ ஸ்டாபர்ட், பாய்லர் அறையில் வேலை. பாய்லர் பழுதுக்காகக் கப்பல் ஊருக்கு வந்து நின்றபோது ஞானஸ்நானம் நடந்தது. பெயர் வெட்டுகிறவனிடம் மணி போயிருந்தபோது கப்பல் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான். மேத்யூ திரும்பவில்லை.

அந்த ஏவ்ரிலுக்கு இப்போது முப்பத்தேழு வயது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, டாக்டர்கள் கைவிட்ட பிறகு, ஒரு பையன் பிறந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். மணியை சர்ச்சுக்கு எடுத்துப்போக வேண்டும், பிறகு தன் பெயருக்குக் கீழே பையன் பெயரையும் வெட்ட வேண்டும். கேட்கத்தான் வந்திருந்தாள்.

மேல்மாடி அறைக்குப் பெண்கள் வரக்கூடாது என்று கிளப்பில் விதி இருந்தது. குழந்தை வண்டியைக் கீழே நடையில் விட்டுவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்து வாசலில் நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றார் நெட். "விதியை மாத்தியாச்சு."

"யாரு மாத்துனா?" என்றார் வில்ஃப்.

"நான்தான். இப்போ."

இன்னொரு விதியை நெட்டால் மாற்ற முடியாது. கப்பலின் பொருள் எதையும் இந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோக, கேரோபி ஆட்களின் சங்கத்தில் இருக்கிற எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பதினாலு பேரும் வில்ஃபும் இருந்தபோது வைத்த விதி. இப்போது மூன்று பேர். இரண்டு பேர் தலையாட்டினால் போதாது.

வழக்கப்படி முதலில் மணி அடித்தார்கள். கப்பலில் காவல் முறை முடிந்தால் எட்டு அடி, இரண்டு இரண்டாக. எப்போதும் வில்ஃப்தான் அடிப்பார். அதைத் துடைத்து மினுக்கி வைப்பதும் அவர்தான். கடைசி அடி தேய்ந்து அடங்கும்வரை யாரும் மூச்சு விடவில்லை, குழந்தை உட்பட. பிறகு நான் ரம் ஊற்றினேன்.

"பையனுக்கு என்ன பேரு? மேத்யூவா?" என்று கேட்டார் நெட்.

"கிரெய்க். வீட்டுக்காரருக்குப் பிடிச்ச பந்தாட்டக்காரன் பேரு."

"நியூகாசில் டீமா?"

"ஆமா."

"பாவம், பொறந்ததுமே தோல்விக்குப் பழக்குறீங்க."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வில்ஃப் பக்கம் திரும்பினாள். சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் பார்த்தால் தொப்பியைத் தூக்குவார், ஓரிரு வார்த்தை பேசுவார், போய்விடுவார். அவ்வளவுதான் பழக்கம்.

"வில்ஃப் மாமா, ரெண்டு நாள் குடுங்க போதும். நானே கொண்டாந்து மாட்டிடறேன்."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"அது கதவைத் தாண்டக்கூடாது."

"பித்தளை மாமா அது. காத்து பட்டா கரைஞ்சிடுமா?"

"போன தடவை பேரு வெட்டணும்னு வெளிய போச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் வேற சொல்லணுமா?"

"கண்ணிவெடி வெடிச்சுது" என்றார் நெட். "கப்பல்ல மணி இருக்கா இல்லையான்னு அது பாக்கலடா. ஆடானா என்ன, நாயானா என்ன, மேல ஏறினா வெடிக்கும்."

"மணி இல்லாத கப்பல் உருப்படாதுன்னு உங்க அப்பாவே சொல்லுவாரு, நெட்."

"எங்கப்பா பூனை குறுக்க போனா கூட வேலைக்குப் போகமாட்டாரு. அவர் சொத்தே அதுதான்."

"சாண்ட்விச்ல கடுகு இல்ல" என்றார் ஆர்னி சத்தமாக. நான் கடுகுப் புட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

ஏவ்ரில் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். அவள் கெஞ்சுகிற ரகம் இல்லை. "நான் எங்கப்பாவைப் பாத்ததில்ல. போட்டோ ஒண்ணு இருக்கு, அதுலயும் தலையைத் திருப்பிட்டாரு. அவரும் நானும் ஒண்ணா இருந்ததுக்கு இந்த மணி மட்டும்தான் சாட்சி. என் பையன் பேரும் அதுல வரணும்னு கேக்கறேன். வேற எதுவும் நான் இங்க வந்து கேட்டதில்ல."

"தெரியும்மா. ஆனா முடியாது."

"ஆர்னிக்கும் எனக்கும் சம்மதம்" என்றார் நெட்.

"எனக்கு இல்ல. இது செத்தவங்க மணி."

நெட் கிளாஸை மேஜையில் வைத்தார். வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"செத்தவங்களைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. நீ தண்ணிக்குள்ள இல்ல."

அந்த அறையில் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பெயர் வெட்டுகிறவனிடம் மணியைக் கொண்டுபோனவர் வில்ஃப். கப்பல் கிளம்பியபோது அவர் கரையில் இருந்தார். அதனால் பிழைத்தார். தண்ணீரிலிருந்து வந்த பதினாலு பேரும் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்தும் யாரும் பேசவில்லை.

வில்ஃப் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லதான்" என்றார். "சங்கு ஊதினப்போ நான் கடையில இருந்தேன். கேட்டுச்சு. நம்ம சங்குன்னும் தெரிஞ்சுது. காலைலேருந்து பாய்லரைச் சரி பண்ணிட்டு, சங்கை ஊதி ஊதிப் பாத்துட்டிருந்தாங்க இல்ல? அதுதான்னு நெனச்சேன். கடைக்காரக் கிழவன் வருஷத்தை வெட்ட ஆரம்பிச்சிருந்தான். 'இன்னும் ரெண்டு எழுத்து, டீ குடி'ன்னான். குடிச்சேன். மறுபடி ஊதிச்சு. அப்பதான் சுரீர்னுச்சு. மணியைப் புடுங்கிக்கிட்டு ஓடினேன்."

அதனால்தான் மணிக்குள் ஏவ்ரிலின் பெயருக்குக் கீழே 19 என்று மட்டும் இருக்கிறது. மிச்சம் வெட்டப்படவில்லை. அவர் பாலீஷ் போடும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். தேய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் கனத்தைத் தூக்கிட்டு எப்படி ஓடினீங்க?" என்றேன்.

"உங்கம்மா குழந்தை வண்டில" என்றார் ஏவ்ரிலைப் பார்த்து. "காலைல உங்கப்பாவுக்குச் சட்டை கொண்டாந்து குடுக்க உன்னை வண்டில வெச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. நான் மணியைத் தூக்கிட்டுத் திணறுறதைப் பாத்துட்டு, உன்னை ஷாலுக்குள்ள சுத்திக்கிட்டு வண்டியைக் குடுத்தாங்க. 'சாயங்காலம் கொண்டாந்துடு'ன்னாங்க." நிறுத்தினார். "கல்லு பாவின தெரு. வண்டி குதிக்குது, மணி உள்ள கெடந்து உருளுது. மீன் துறைக்கு வந்து சேர்றப்போ கப்பல் எதிர்லயே போய்ட்டிருக்கு. ஆறு அங்க ஒடுங்கும் இல்ல, மூஞ்சியெல்லாம் தெரியுது. கத்தினேன். அவ்வளவு பேரும் ஓரத்துக்கு வந்து என்னைப் பாத்துக் கத்தினாங்க. காத்துல எதுவும் கேக்கல. வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. மணியைக் கொண்டுபோனவன் இங்க நிக்கிறான், நாங்க வெறுங்கையோட போறோம்னு திட்டினாங்க. விடியறப்போ அவங்க செத்தாங்க."

கப்பலைத் தவறவிட்டதற்காக அவரைப் படைமுகாமில் அடைத்து வைத்தார்கள். மூழ்கிய செய்தி அங்கேதான் வந்தது. காவலாள் கதவைத் திறந்து சொல்லிவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போனானாம். இது அவர் ஒருமுறை குடித்திருந்தபோது என்னிடம் சொன்னது. மதியம் மூன்று மணிக்கு மதுக்கடைகளை அடைக்க வேண்டும் என்பது சட்டம். நான் வெளிக்கதவைப் பூட்டியபின் நெட்டும் ஆர்னியும் உள்ளேயே உட்கார்ந்து இன்னொரு ரவுண்டு குடிப்பார்கள். வில்ஃப் ஒருநாளும் இருந்ததில்லை. நான் சாவியை எடுத்தாலே கோட்டை மாட்டிக்கொள்வார். பூட்டுகிற சத்தம் அவருக்கு ஆகாது.

"முகாம்லேருந்து என்னை விட்டதும் வண்டியைத் தள்ளிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன்" என்றார். "மணி உள்ளேயே இருந்துச்சு."

"தெரியும்" என்றாள் ஏவ்ரில். "அம்மா வண்டியை மட்டும் உள்ள இழுத்துக்கிட்டாங்க. மணியை வாசப்படியில வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. அதுக்கு அவங்க கடைசி வரைக்கும் வருத்தப்பட்டாங்க, மாமா."

"அவங்க செஞ்சது சரிதான்."

நெட் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து ஜன்னலருகே போனார். அங்கிருந்து பார்த்தால் மீன் துறையும் ஆறு ஒடுங்குகிற இடமும் தெரியும். ஒரு மீன்பிடிப் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது, மேலே ஒரு தெரு நீளத்துக்குக் கடல்காக்கைகள்.

"திட்டினோமா?" என்றார். "யாருடா உனக்குச் சொன்னது?"

"நான்தான் பாத்தேனே."

"சிரிச்சோம்டா கழுதை. வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

வில்ஃப் நிமிர்ந்தார்.

"முன்பக்கம் கயித்தைச் சுத்திட்டிருந்தேன். எவனோ 'அங்க பாரு'ங்கறான். பாத்தா, நீ. தொப்பி எங்கயோ போச்சு. பெரிய சக்கரம் வெச்ச குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு, மீன் கூடையை எல்லாம் இடிச்சுத் தள்ளிக்கிட்டு வர்ற. ஒரு கிழவி உன் பின்னாலயே மீனைத் தூக்கிட்டுத் தொரத்துறா. போருக்குப் போற கப்பலைப் புடிக்க வர்றவன் வர்ற கோலமா அது? கேப்டன் மேலேருந்து குழாய்ல கத்துறாரு, 'டுலிப், குழந்தை பொறந்ததை எங்கிட்ட சொல்லவே இல்லையே'ங்கறாரு. அந்த ஆள் சிரிச்சு நாங்க அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அக்கார்டியன்காரன் கீழே உக்காந்துட்டான், நிக்க முடியாம. அன்னிக்கு ராத்திரி கோக்கோ குடிக்கறப்போ கூட அதேதான் பேச்சு. வந்தா உன்னை எப்படி ஓட்டறதுன்னு ஆளாளுக்குத் திட்டம்."

ஆர்னிக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. ஆனால் நெட் இரண்டு கையாலும் வண்டி தள்ளிக் காட்டியதைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"குழந்தை வண்டியா? நீலக் கலரு!" என்று கத்தினார். "சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு!" உடனே அந்த இரண்டு பாட்டில் ஒன்றை விசில் அடிக்க ஆரம்பித்தார்.

"முப்பத்தேழு வருஷம்" என்றார் வில்ஃப். "ஏன்டா சொல்லல?"

"நீ எப்போ கேட்ட? நீயா ஒரு மூஞ்சியை வெச்சுக்கிட்டு மணியைத் துடைச்சிட்டிருப்ப. சொன்னா அழுவ. ஆம்பளை அழுதா எனக்கு ஆகாது." நெட் மூக்கைச் சிந்தினார். "இன்னொன்னும் இருக்கு. அது இவளுக்கு."

ஏவ்ரில் பக்கம் திரும்பினார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துப் பேசினார்.

"உங்கப்பன் சத்தம் கேட்டு பாய்லர் ரூம்லேருந்து மேல வந்தான். ஒடம்பெல்லாம் கரி. என் பக்கத்துல வந்து நின்னான். வண்டியை அடையாளம் தெரிஞ்சுது. அவன் வாங்கின வண்டி இல்லையா? உங்கம்மா அதைக் குடுத்தது அவனுக்குத் தெரியாது, அவன் கீழ இருந்தான். 'டேய் நெட், பாருடா, என் பொண்ணை வழியனுப்பக் கூட்டியாந்திருக்கான்'ங்கறான். கழுத்துத் துணியை அவுத்து ஆட்டறான், ஆட்டறான், கை விழற மாதிரி ஆட்டறான். ஆத்து முனை திரும்பி மறையற வரைக்கும். உள்ள மணி இருக்கறது எனக்குத் தெரியும். அதைத் தூக்கி வண்டில வெச்சதே நானும்தான். சொல்லல. 'ஆமாடா, உன் பொண்ணுதான்'னேன்."

குழந்தை தும்மியது. ஏவ்ரில் அழவில்லை. பையனின் குல்லாவைக் கழற்றினாள், மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள்.

"அப்போ பாத்துட்டுதான் போனாரு" என்றாள்.

"அவனைப் பொறுத்தவரைக்கும் பாத்துட்டுதான் போனான்."

நான் பாருக்குப் பின்னால் போய், துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆகிக்கொண்டிருந்தது.

வில்ஃப் எழுந்தார். மணி தொங்குகிற மரச்சட்டத்துக்குப் போய், கொக்கியைக் கழற்றப் பார்த்தார். துருப்பிடித்திருந்தது. இத்தனை வருஷம் பளபளவென்று வைத்திருந்தவர் கொக்கிக்கு ஒருநாளும் எண்ணெய் விட்டதில்லை.

"சும்மா நிக்கிறியே தம்பி, குறடு கொண்டா" என்றார் என்னிடம்.

கொண்டுபோனேன். கழன்றது. கிளாஸ் துடைக்கிற துண்டு இரண்டை எடுத்து மணியைச் சுற்றினார்.

"கீழ வண்டி நிக்குது இல்ல?" என்று ஏவ்ரிலைக் கேட்டார்.

"நிக்குது. ஆனா அது அம்மாவோடது மாதிரி இல்ல மாமா. மடக்குற வண்டி. ஓட்டைச் சக்கரம்."

"தாங்குமா?"

"கிரெய்க்கைத் தாங்குது. அவன் இதைவிட மோசம்."

படியில் அவர் முன்னால், நான் இன்னொரு பக்கம் பிடித்தபடி, மணியை இறக்கினோம். நினைத்ததைவிடக் கனம். நடையில் வண்டிக்குள் வைத்தபோது சக்கரங்கள் நெளிந்தன. ஏவ்ரில் பையனை ஷாலுக்குள் வைத்து மார்போடு கட்டிக்கொண்டாள். அவள் ஒரு கையை வண்டியில் வைத்தாள். வில்ஃப் அதை எடுத்துவிட்டார்.

"நான் தள்றேன். நீ குழந்தையைப் பாரு."

"பேரு வெட்டற கடை இப்போ துறைமுகத் தெருவுல இருக்கு" என்றாள். "ஞானஸ்நானம் முடிஞ்சு திங்கக்கிழமை குடுத்துக்கலாம்."

"இன்னிக்கே போவோம். உன் பேருக்குக் கீழ வருஷம் பாதியில நிக்குது. அதை மொதல்ல முடிக்கச் சொல்றேன். நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். டீ குடுத்தா குடிக்கமாட்டேன்."

மேலேயிருந்து நெட்டின் குரல் வந்தது: "டேய் டுலிப்! குழந்தை பொறந்ததைச் சொல்லவே இல்லையே!"

வில்ஃப் வண்டியை வாசல் பக்கம் திருப்பினார். தோள் மட்டும் குலுங்கியது. சிரித்தாரா, வேறு ஏதாவதா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. வண்டி வாசற்படியில் இறங்கும்போது மணி ஒருமுறை மந்தமாக ஒலித்தது, துண்டுக்குள்ளிருந்து. இறக்கத்தில் மூன்று பேரும் துறையைப் பார்த்துப் போனார்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அவர் அதை அடக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

மூன்று மணி ஆகிவிட்டது. கதவைச் சாத்தினேன். மற்ற நாட்களில் சாவியை மெதுவாகத்தான் திருப்புவேன், வில்ஃப் சத்தம் கேட்காத தூரத்துக்காவது போகட்டும் என்று. அன்று அப்படி எதுவும் செய்யவில்லை. சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினேன்.